'புரோபேட் பேக்கேஜ்' என்று 1,85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: உயில், வாரிசு வேலைக்கு ஆப் வழியே வக்கீல் பிடிக்காதீர்கள்

1,85,000 ரூபாய். மாமா இறந்த பிறகு உயில் வேலை, வாரிசு வேலை எல்லாவற்றையும் முடித்துத் தருகிறோம் என்று ஒரு ஆன்லைன் சட்ட சேவை நிறுவனம் என் அத்தையிடம் வாங்கிய தொகை இது. ஒரு வேலையும் முடியவில்லை, பணமும் வரவில்லை. போன வாரம் 'உங்கள் டிக்கெட் மூடப்பட்டது' என்று ஒரு மெசேஜ் வந்ததோடு சரி. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெயரைக் கேட்காதீர்கள். புகார் போகிற நேரத்தில் நாமே அவர்களுக்கு ஒரு பிடியைக் கொடுத்ததாக ஆகிவிடும். வகையைச் சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். செல்போனில் 'வாரிசுச் சான்றிதழ்' என்று ஒரு தடவை தேடினால் போதும், அடுத்த நாளே விளம்பரம் வந்து நிற்கும். 'வீட்டிலிருந்தபடியே அனுபவமிக்க வழக்கறிஞர், ஒரே கட்டணம், எல்லாம் உள்ளடக்கம்' என்பார்கள். அந்த வகை.

இத்தனைக்கும் சிக்கலே இல்லாத சொத்து. மதுரையில் குடியிருக்கும் வீடு, மேலூர்ப் பக்கம் 60 சென்ட் நிலம். இரண்டையும் அத்தைக்கு எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் மாமா பதிவு செய்து வைத்த உயில் இருக்கிறது. ஒரு வங்கியில் 9 லட்சம் எஃப்.டி., அதற்கு நாமினி அத்தை. கூட்டுறவு வங்கி ஒன்றில் 3 லட்சம் டெபாசிட், அதற்கு நாமினி இல்லை. இரண்டு மகன், ஒரு மகள்; அம்மாவுக்குப் போவதில் மூவருக்கும் ஆட்சேபம் கிடையாது. மாமாவின் தாயார் 88 வயதில் உயிரோடு இருக்கிறார். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வையுங்கள்.

இந்த உயிலுக்குப் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் கொடுக்கிற சான்று, தேவையே இல்லை. முதல் ஏமாற்று அங்கேதான். 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213 பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், தமிழ்நாட்டில் ஒரு இந்துவின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்றிருந்தது இரண்டே நிலைமையில்: சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் எல்லைக்குள், அதாவது சென்னை நகருக்குள், உயில் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உயிலில் உள்ள வீடோ மனையோ அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 2002 திருத்தத்திலேயே விலக்கு வந்துவிட்டது. மதுரையில் எழுதிய, மதுரை மாவட்டச் சொத்தைப் பற்றிய உயிலுக்கு அந்தக் கட்டாயம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. போதாக்குறைக்கு, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே எடுத்துவிட்டது. உயிலில் தகராறு வரும் என்று பயந்தால் யாரும் விரும்பிப் புரோபேட் கேட்கலாம், வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் 'இது இல்லாமல் பட்டா மாறாது, வங்கி பணம் தராது' என்று அத்தையிடம் சொன்னது பச்சைப் பொய்.

எப்படி நம்பினார் என்று கேட்பவர்களுக்கு. முதல் ஆலோசனைக்கு 2,500 ரூபாய் கட்டியதும் வீடியோ காலில் ஒருவர் வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, பின்னால் அலமாரி நிறையச் சட்டப் புத்தகம். பேச்சை ஆரம்பித்ததே 'அம்மா, சாப்பிட்டீங்களா?' என்றுதான். மாமாவுக்கு என்ன உடம்புக்கு, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று விசாரித்திருக்கிறார். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்களே கேட்காத பொறுமையோடு கேட்டார் என்று அத்தை சொல்கிறார். அதற்குப் பிறகு உயிலைக் கேமராவில் காட்டச் சொல்லி, ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, 'உயில் நல்ல உயில்தாம்மா. ஆனா நாளைக்கு மருமக்கள் பேச்சைக் கேட்டுப் பையன்கள் மாறிட்டா, உங்களைத் தெருவுல நிறுத்திருவாங்க. கோர்ட் முத்திரை ஒண்ணு விழுந்துட்டா ஒருத்தரும் அசைக்க முடியாது' என்றிருக்கிறார். காரியம் முடிந்து வெறும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணிடம், அவர் பெற்ற பிள்ளைகளைக் காட்டியே பயமுறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தை பணம் கட்டியது இதனால்தான். 'இப்போதைக்குப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்மா' என்று சொன்னதும் அதே ஆள்தான்.

1,85,000 எப்படி ஆனது என்று பிரித்துச் சொல்கிறேன். ஆலோசனை 2,500. 'புரோபேட் பேக்கேஜ்' 75,000. 'கோர்ட் ஃபீஸ்' 60,000. 'பேப்பர் விளம்பரம்' 22,500. 'எக்ஸ்பிரஸ் வாரிசுச் சான்று' 25,000. இதில் முதல் இரண்டுக்குத்தான் நிறுவனத்தின் பில் இருக்கிறது. மற்றதெல்லாம் ஒரு தனி ஆளின் யு.பி.ஐ. எண்ணுக்குப் போயிருக்கிறது.

ஒவ்வொன்றிலும் ஏமாற்று எங்கே என்று பாருங்கள். கோர்ட் ஃபீஸ் என்று கட்டினால் அதற்கு ரசீது உண்டு. ஸ்டாம்பாக ஒட்டினாலும் சரி, மின்னணு முறையில் கட்டினாலும் சரி, மனுவோடு அது கோப்பில் இருக்கும், எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். ரசீது நகலைக் கேட்டதற்கு 'அது கோர்ட்டோட சொத்து, வெளியில தரக்கூடாது' என்று பதில். அப்படி எந்த விதியும் கிடையாது. கட்சிக்காரர் கட்டிய கட்டணத்தின் ரசீதைக் கட்சிக்காரருக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டுவது?

பேப்பர் விளம்பரம் அதைவிட மோசம். உயில் மனுவில் பொது அறிவிப்பு வருவது, மனு நம்பர் ஆகி (கோர்ட் ஏற்று எண் கொடுத்து), நீதிபதி முன் வந்து, எந்தப் பத்திரிகையில் போட வேண்டும் என்று அவர் உத்தரவு போட்ட பிறகு. மனுவே நம்பர் ஆகாத நிலையில் விளம்பரத்துக்கு என்று 22,500 வாங்கினால், எந்த உத்தரவின் பேரில், எந்தப் பத்திரிகையில் போட்டார்கள்? வெளியான பக்கத்தைக் காட்டுங்கள் என்றால் பதில் இல்லை.

வாரிசுச் சான்றிதழில் எக்ஸ்பிரஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை போய், வட்டாட்சியர் கையொப்பத்தோடு வரும். 25,000 வாங்கிக்கொண்டு இவர்கள் செய்ததும் அதே 60 ரூபாய் விண்ணப்பம்தான். அதையும் தப்பாகப் போட்டார்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணுக்கு முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன், மகள் மட்டுமல்ல, பெற்ற தாயும்தான். பாட்டியின் பெயரையே சேர்க்கவில்லை. வி.ஏ.ஓ. விசாரணையில் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், விண்ணப்பத்தில் அவர் இல்லை. நிராகரிக்காமல் என்ன செய்வார்கள்? இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற தப்பு இது. இரண்டு வருடம் இந்தத் துறையில் இருந்தவர்கூட முதல் கேள்வியாக 'அவரோட அம்மா இருக்காங்களா?' என்றுதான் கேட்பார்.

அடுத்து அந்த 75,000 ரூபாய் பேக்கேஜ். புரோபேட் என்பது உயிலில் நிறைவேற்றுநர், அதாவது உயிலில் சொன்னபடி செய்து முடிக்கும் பொறுப்பாளர், என்று யாரைக் குறிப்பிட்டிருக்கிறார்களோ அவருக்கு மட்டுமே கிடைக்கும், அதே 1925 சட்டத்தின் 222ஆம் பிரிவு. மாமாவின் உயிலில் நிறைவேற்றுநர் என்று யாரையும் போடவில்லை. அப்படிப்பட்ட உயிலுக்கு, கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றாலும், கேட்க வேண்டியது உயில் இணைத்த நிர்வாக ஆவணம் (லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்), 232ஆம் பிரிவு. உயிலை ஒரு முறை படித்திருந்தாலே இது தெரிந்திருக்கும். கிடைக்கவே முடியாத ஒன்றுக்குத்தான் 75,000 வாங்கியிருக்கிறார்கள்.

மனு போடவே இல்லையா என்றால், போட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு எண்ணை அனுப்பி 'கேஸ் நம்பர் ஆயிடுச்சும்மா' என்றார்கள். அது மின்தாக்கல் எண். தாக்கல் செய்தாலே அந்த எண் விழுந்துவிடும், அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. மனுவைக் கோர்ட் ஆபீஸ் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால்தான் ஓ.பி. (அசல் மனு) எண்ணும் வருடமும் கிடைக்கும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, எந்தக் கோர்ட், எதிர் மனுதாரர் யார் என்று எல்லாம் வரும். அத்தையின் மனு ரிட்டர்ன் ஆகியிருந்தது. காரணங்கள் நான்கு: நிறைவேற்றுநர் இல்லாத உயிலுக்குப் புரோபேட் கேட்டது, பாட்டியை எதிர் மனுதாரராகச் சேர்க்காதது, உயில் சாட்சிகளில் ஒருவரின் சரிபார்ப்பு இல்லாதது, சொத்து மதிப்புப் பட்டியல் இல்லாதது. ரிட்டர்ன் ஆவது குற்றமில்லை, நல்ல வக்கீலுக்கும் நடக்கும். கொடுத்த கெடுவுக்குள் சரிசெய்து மறுதாக்கல் செய்ய வேண்டும். இவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கேட்கப் போனால் என்ன சொன்னார்கள் தெரியுமா? முதலில் 'சார் கோர்ட்டில் இருக்கிறார்'. பிறகு 'ஃபைல் செக்‌ஷனில் இருக்கிறது'. பிறகு 'நீதிபதி மாறிவிட்டார்'. மே மாதம் வந்ததும் 'கோர்ட் லீவு'. ஜூனில் 'வக்கீல்கள் புறக்கணிப்பு'. ஒவ்வொன்றும் கோர்ட்டில் நிஜமாகவே நடக்கிற சங்கதி என்பதால் அத்தையால் மறுத்துப் பேச முடியவில்லை. கோட்டுப் போட்டவர் அதற்குள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கஸ்டமர் கேர் பெண்ணோ, 'வக்கீலை அறிமுகம் செய்வது மட்டும்தான் எங்கள் வேலை, வேலைக்கு அவர்தான் பொறுப்பு' என்கிறார். விளம்பரத்தில் எல்லாம் உள்ளடக்கம், வாங்கும்போது எங்கள் பேக்கேஜ், கேட்கும்போது வெறும் அறிமுகமா? 1,85,000 வாங்கும்போது அறிமுகக் கட்டணம் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே.

வக்காலத்தை, அதாவது வக்கீலை நியமிக்கிற படிவத்தை, எடுத்துப் பார்த்தால் அதில் இருப்பது வேறொரு வக்கீலின் பெயர். வீடியோவில் பேசியவர் அதில் இல்லவே இல்லை. அத்தை கையெழுத்துப் போடும்போது அது வெற்றுத் தாள். கூடவே இரண்டு வெற்று ஸ்டாம்ப் பேப்பரிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவற்றை ரத்து செய்ததாக இப்போது எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

என்னை ரொம்பவும் கொதிக்க வைப்பது உயிலின் அசலை வைத்துக்கொண்டிருப்பதுதான். மனுவோடு அசல் உயிலைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சரி. ஆனால் அது கோர்ட்டில்தான் இருக்க வேண்டும், ஒரு கம்பெனியின் கூரியர் கட்டுக்குள் அல்ல. 'பாக்கி 40,000 கட்டினால் அசலைத் தருகிறோம்' என்கிறார்கள் இப்போது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் வருடமே ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. வக்கீலுக்கே இல்லாத உரிமை ஒரு ஆப்புக்கு எங்கிருந்து வந்தது? நல்லவேளை, பதிவு செய்த உயில். இறப்புச் சான்றைக் காட்டிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டோம். பதிவு செய்யாத உயிலாக இருந்திருந்தால் நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

வங்கி விஷயத்திலும் 'சக்சஷன் சர்டிபிகேட் (வாரிசுக்குக் கோர்ட் கொடுக்கிற சான்று) இல்லாமல் ஒரு ரூபாய் வராது' என்று பயமுறுத்தியிருந்தார்கள். நாமினி இருக்கிற எஃப்.டி.க்கு இறப்புச் சான்று, க்ளெய்ம் படிவம், அடையாள அட்டை, அவ்வளவுதான். நாமினி வாங்குவது வாரிசுகள் சார்பாக, அவரே சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்பது 1984 சர்பதி தேவி வழக்கிலிருந்தே இருக்கிற சட்டம், அது வேறு விஷயம். வங்கி அவருக்குத் தர வேண்டும். நாமினி இல்லாத கணக்குக்கும் 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வழிமுறை கொடுத்திருக்கிறது. மற்ற வங்கிகளில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, தகராறு இல்லையென்றால் எளிய நடைமுறையிலேயே தர வேண்டும். காகிதமெல்லாம் கொடுத்ததிலிருந்து 15 நாள் கெடு. 2026 மார்ச் 31க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு வர வேண்டும் என்பது உத்தரவு. அத்தையின் 3 லட்சம் அந்த வரம்புக்குள் தாராளமாக வருகிறது. இதற்குக் கோர்ட்டும் வேண்டாம், பேக்கேஜும் வேண்டாம்.

பட்டாவுக்கும் அப்படித்தான். உயில் நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மத வாக்குமூலம். யாரும் ஆட்சேபிக்காதவரை வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகிற வேலை. ஆட்சேபம் வந்தால்தான் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். உயிலே இல்லாத குடும்பங்களில் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையிலிருந்து இந்த உச்சவரம்புதான். சொத்தையே எழுதி மாற்றுவதற்கு அரசாங்கம் வாங்குகிற உச்சத் தொகை 50,000. இவர்கள் ஒன்றுமே செய்யாமல் வாங்கியது 1,85,000.

புகார் எங்கே கொடுப்பது என்று கேட்பீர்கள். வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் கோர்ட் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஸ்டமர் கேரிலும் அதையே காட்டி மிரட்டுகிறார்கள். அந்தத் தீர்ப்பு வக்கீலுக்கு. பில் போட்டுப் பணம் வாங்கியது கம்பெனி. 'நாங்கள் வக்கீல் இல்லை, அறிமுகம் மட்டும்தான்' என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த மெயிலை வைத்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்காலத்தில் பெயர் இருக்கிற வக்கீல் மீது வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலுக்குத் தனிப் புகார். ஆன்லைன் தளங்கள் வழியே ஆள் பிடிக்கிற வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுங்கள் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டிருக்கிறது, அதையும் புகாரில் குறிப்பிடுங்கள். தனி ஆளின் யு.பி.ஐ.க்குப் போன 1,07,500 ரூபாய்க்குப் போலீஸ் புகார், மோசடி என்று. பணம் போன உடனேயே என்றால் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

எப்படி நல்ல வக்கீலைத் தேடுவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு நிலையில் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100. கோர்ட்டுக்கு நேரில் போய், வக்கீலின் அலுவலகத்தைப் பார்த்து, பார் கவுன்சில் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு பேசுங்கள். சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், வழக்கின் பலனில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. அசலை யாருக்கும் கூரியரில் அனுப்பாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கூடாது. பவர் எழுதிக் கொடுங்கள் என்றால் கொடுக்காதீர்கள். 'பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்' என்று சொல்கிற ஆளிடம் அதோடு பேச்சை நிறுத்துங்கள்.

இதே மாதிரி யாராவது கட்டி ஏமாந்திருந்தால் பில், யு.பி.ஐ. விவரம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடக் கெடு.